பேருந்தில் போகிறவருக்கு எந்த டெலி லென்ஸ்?

தூரத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் வாங்கப் போகிற நண்பர்கள் என்னிடம் கேட்பது, "250 போதுமா, 400 வேணுமா?" என்றுதான். (இந்த எண் லென்ஸின் குவியத் தூரம், மி.மீ.யில். எண் கூடக்கூடப் பொருள் பெரிதாகத் தெரியும்.) எதை, எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கப் போறீங்க என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரிந்துவிட்டால் மீதியைக் கணக்குப் போட்டே முடிவு செய்துவிடலாம்.

எடுக்கப்போகும் பொருளின் உயரம் மீட்டரில், லென்ஸ் மி.மீ.யில், இரண்டையும் பெருக்குங்கள். வந்ததைத் தூரத்தால் (மீட்டரில்) வகுத்தால், சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) விழும் பிம்பம் எத்தனை மி.மீ. உயரம் என்று தெரியும். என்னுடையது கேனன் ஆர்10. அதன் சென்சார் உயரம் ஏறக்குறைய 15 மி.மீ.

நான் இருப்பது பொள்ளாச்சியில். அடிக்கடி போவது வால்பாறைக்கு. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையோரத்துக்கே வரும். அரை மீட்டர் உடம்பு, 15 மீட்டர் தூரம், 250 மி.மீ. லென்ஸ் என்றால் 8 மி.மீ. பிம்பம். படத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் குரங்கு இருக்கும். இதற்கு 400 எதற்கு? ஆனால் இருவாச்சி வேறு கதை. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், 80 மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு மீட்டர் பறவைதான், இருந்தும் 250-ல் 3 மி.மீ., 400-ல் 5 மி.மீ. முதலாவது வெறும் அடையாளம். இரண்டாவதை வெட்டிப் பெரிதாக்கினால் அலகின் மஞ்சள் தெரியும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் சென்சார் உயரம் 24 மி.மீ. என்பதால் அதே 5 மி.மீ. பிம்பம் படத்தில் இன்னும் சிறிய பகுதியாகிவிடும். எடை குறைய வேண்டும், தூரமும் எட்ட வேண்டும் என்றால் சிறிய சென்சார்தான் நமக்குத் தோழன்.

அடுத்தது எடை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவள் நான். கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒரு கிலோவை ஒட்டி நின்றால்தான், இறங்கியதும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்க மனம் வரும். கேனனின் ஆர்.எஃப். 100-400 எடை 635 கிராம். நிக்கான் இசட் டிஎக்ஸ் 50-250 வெறும் 405 கிராம். சோனிக்காரர்களுக்கு 70-350, 625 கிராம். டாம்ரான் 70-300 இன்னும் குறைவு, 545 கிராம். ஆனால் அதில் நடுக்கம் தடுக்கும் வசதி இல்லை. உங்கள் கேமரா சோனி ஏ6400 போல உள்ளேயும் அந்த வசதி இல்லாததாக இருந்தால், கையில் பிடித்து 300-ல் எடுப்பது சிரமம். வாங்குமுன் இந்த ஜோடியைக் கட்டாயம் பாருங்கள்.

எடை குறைவதற்கு நாம் கொடுக்கும் விலை வெளிச்சம். ஆர்.எஃப். 100-400 லென்ஸ் 400-ல் எஃப்/8 வரை மட்டுமே திறக்கும் (எஃப் எண் கூடக்கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் காலை எட்டு மணி வெயிலில் அது ஒரு குறையே இல்லை. சோலைக்குள் நிழலில் அப்படியல்ல: எஃப்/5.6-ல் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் வெளிச்ச உணர்திறன், கூட்டினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 6400 கேட்கும் இடத்தில் எஃப்/8 என்றால் 12800 கேட்கும். நடுக்கத் தடுப்பு நம் கையைத்தான் நிறுத்தும், தாவும் குரங்கை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறையக்கூடாது. உங்கள் பயணம் பெரும்பாலும் காட்டுக்குள் என்றால், நீளத்தை விட்டுக்கொடுத்து வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஏரி, கோபுரம், மலைச்சாலை என்றால் எஃப்/8 தாராளம். உச்சிவெயிலில் தண்ணீருக்கு மேல் கானல் அலையும்போது எந்த லென்ஸும் தூரத்துப் பறவையைக் கூர்மையாகத் தராது. அதற்காகக் கூடுதல் பணம் செலவழிக்க வேண்டாம்.

அருகில் எவ்வளவு தூரம் வரை ஃபோகஸ் ஆகும் என்பதைப் பலர் பார்ப்பதில்லை. கேனனின் இந்த லென்ஸ் 200 மி.மீ.யில் 88 செ.மீ. வரை நெருங்கும். தட்டாம்பூச்சிக்கும் தேயிலைப் பூவுக்கும் தனி லென்ஸ் தூக்க வேண்டியதில்லை என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பழைய லென்ஸ் வாங்குகிறீர்களா? இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிறகு கேமராவில் மாட்டி, முழு ஜூமில் ஷட்டர் வேகம் 1/60 வைத்து கடைப் பெயர்ப்பலகையைப் பத்துப் படம் எடுங்கள். பெரும்பாலானவை கூர்மையாக வந்தால் நடுக்கத் தடுப்பு உயிரோடு இருக்கிறது.

ஆர்.எஃப். 100-400-க்கு நிழல்மூடி (லென்ஸ் ஹூட்) பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். மழை தாங்கும் ரப்பர் வளையமும் இல்லை. வால்பாறைத் தூறலுக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் ரப்பர் பேண்டும் பையில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் லென்ஸைத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு பைக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள்.