சிவப்புக் கோடு நீலமாகும்வரை: டாவின்சி ரிசால்வில் பின்னணி ரெண்டரிங்

தைப்பூசம் முடிந்த மறுநாளே வாட்ஸப்பில் விசாரிப்பு தொடங்கிவிடும். "அண்ணா, காவடி வீடியோ எப்போ?" டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பகுதிக் கோயிலுக்கு வருஷா வருஷம் நான்தான் எடிட் செய்து கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. அன்னதானத்தில் இரண்டாம் முறை இலை போட்டு உட்கார்ந்தால் யாரும் முறைக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த முறை கற்றுக்கொள்ள ஒரு தம்பி கூட வந்து உட்கார்ந்தான். காட்சிகளை வெட்டி ஒட்டும்போது எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. மஞ்சள் வேட்டிகளெல்லாம் போன் கேமராவில் பளீரென்று கண்ணைக் குத்தியதால் வண்ணத்தைக் கொஞ்சம் அடக்கினோம். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக இரண்டு மொழியிலும் தலைப்பு போட்டோம். தேர் வடம் இழுக்கும் இடத்தை ஸ்லோ மோஷனாக்கினோம். அதோடு சரி, டைம்லைன் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டை) திக்க ஆரம்பித்துவிட்டது. நாதஸ்வரம் ஒழுங்காகக் கேட்கிறது, படம் நின்று நின்று வருகிறது. "புது லேப்டாப் வாங்கணுமாண்ணா?" என்றான்.

வேண்டாம். முதலில் ஏன் திக்குகிறது என்று பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் நாம் வைத்துக்கொள்வது பெரும்பாலும் நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனிப் படங்கள். அப்படியானால் ஒரு ஃப்ரேமைத் தயார் செய்து திரைக்குக் கொண்டுவர கம்ப்யூட்டருக்கு 40 மில்லி செகண்ட்தான் இருக்கிறது. போன் வீடியோவின் சுருக்கத்தைப் பிரிப்பது, வண்ணத்தை மாற்றுவது, மேலே எழுத்தை வரைவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். 120 மில்லி செகண்ட் எடுத்தால் மூன்றில் ஒரு ஃப்ரேம்தான் கண்ணுக்கு வரும். அந்த வேலையை முன்கூட்டியே, நீங்கள் கைவைக்காமல் இருக்கும் நேரத்தில் செய்து டிஸ்க்கில் போட்டு வைப்பதுதான் பின்னணி ரெண்டரிங். அதற்குப் பிறகு பிளே செய்யும்போது கணக்குப் போடுவது கிடையாது. தயாராக இருக்கும் படத்தை எடுத்துக் காட்டினால் போதும்.

இதை எக்ஸ்போர்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எக்ஸ்போர்ட்டில் வருவது மற்றவர்களுக்குக் கொடுக்கும் கோப்பு. இங்கே உருவாவது எடிட் செய்யும் உங்களுக்கு மட்டும் உதவும் தற்காலிகக் கோப்புகள். அவற்றுக்குப் பெயர் கேஷ்.

நான் பயன்படுத்துவது டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு. இனி வருவது அதற்கான வழி.

படி 1: கேஷ் எங்கே போகிறது என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஷிஃப்ட்டும் 9-உம் சேர்த்து அழுத்தினால் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் திறக்கும். மாஸ்டர் செட்டிங்ஸில் கீழே இறங்கினால் வொர்க்கிங் ஃபோல்டர்ஸ் என்று ஒரு பகுதி. அங்கே கேஷ் ஃபைல்ஸ் லொகேஷனுக்குப் பக்கத்தில் உள்ள பிரவுஸை அழுத்தி, லேப்டாப்பின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியிலோ (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் எஸ்எஸ்டியிலோ ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்றால், 2023 லோட் ஷெடிங்கை, அந்த முறைவைத்த மின்வெட்டை, நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வருஷக் காவடி வீடியோவுக்கு நான் கேஷை வைத்திருந்தது சுவரில் தனி பிளக் கேட்கும் பெரிய ஹார்ட் டிஸ்க்கில். அட்டவணையில் இரவு எட்டு மணிக்கு எங்கள் முறை என்று தெரியும். லேப்டாப்பில்தான் பேட்டரி இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். எட்டு அடித்தது, விளக்கு அணைந்தது, லேப்டாப் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. வீடியோக்களும் அதில்தான். டைம்லைன் முழுக்க மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பு. அதன் பிறகு அந்த டிஸ்க்கில் பழைய வருஷ வீடியோக்களைச் சேமிப்பதோடு சரி.

படி 2: கேஷின் தரத்தைத் தேர்ந்தெடுங்கள்

அதே மாஸ்டர் செட்டிங்ஸில் ஆப்டிமைஸ்டு மீடியா அண்ட் ரெண்டர் கேஷ் என்ற பகுதி இருக்கிறது. ரெண்டர் கேஷ் ஃபார்மட் என்ற இடத்தில் விண்டோஸ்காரர்களுக்கு டிஎன்எக்ஸ்எச்ஆர் குடும்பம், மேக்காரர்களுக்கு ப்ரோரெஸ் குடும்பம். இரண்டுமே எடிட்டிங்குக்கான வீடியோ வடிவங்கள். தரம் ஏற ஏற டிஸ்க்கை விழுங்கும். ஒரு கணக்கு: 1080 அளவில் நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ப்ரோரெஸ் 422 எச்க்யூ (உயர் தரம்) நொடிக்கு 184 மெகாபிட். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி. நாற்பது நிமிடக் காவடி வீடியோ முழுவதும் கேஷ் ஆனால் 55 ஜிபி போய்விடும். டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூவும் கிட்டத்தட்ட அதே தீனிதான். எல்பி என்ற கீழ்த்தட்டுத் தரம் இதில் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளும்.

திக்காமல் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு எல்பி போதும். கேஷை எக்ஸ்போர்ட்டிலும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் எச்க்யூவுக்குக் கீழே இறங்காதீர்கள். பாதியில் ஃபார்மட்டை மாற்றாமல் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அதே இடத்தில், எத்தனை நொடி சும்மா இருந்தால் பின்னணி வேலை தொடங்க வேண்டும் என்று ஓர் எண் இருக்கும். வழக்கமாக 5. டிக் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அப்படியே விடுங்கள்.

படி 3: முதலில் வெட்டி முடியுங்கள்

புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். இப்படி ஒரு வசதி இருக்கிறதே என்று முதல் நாளே முடுக்கிவிடுகிறார்கள். எட்டுப் பேர் போனிலிருந்து வந்த மூன்று மணி நேரக் காட்சியில் இரண்டே கால் மணி நேரம் குப்பைக்குத்தான் போகும். அதற்கெல்லாம் மெஷின் உட்கார்ந்து ரெண்டர் செய்வானேன்? இன்னொன்று, ஒரு காட்சி கேஷ் ஆன பிறகு அதன் வண்ணத்தை ஒரு புள்ளி மாற்றினாலும் பழைய கேஷ் செல்லாது. அந்தக் காட்சிக்கு மறுபடியும் முதலிலிருந்து வேலை நடக்கும்.

அதனால் வெட்டும் கட்டத்தில் பிளேபேக் மெனுவில் ரெண்டர் கேஷை நன் (எதுவும் வேண்டாம்) என்றே வைத்திருங்கள். அப்போதும் திக்கினால் அதே மெனுவில் டைம்லைன் பிளேபேக் ரெசல்யூஷனை (பழைய பதிப்புகளில் டைம்லைன் ப்ராக்ஸி ரெசல்யூஷன்) ஹாஃப் என்று குறைத்துக்கொள்ளுங்கள். படம் லேசாக மங்கும், வெட்டுவதற்கு அது போதும்.

படி 4: ஸ்மார்ட்டை முடுக்குங்கள்

வெட்டு முடிந்து, வண்ணமும் தலைப்பும் ஓரளவு நிலைத்துவிட்டதா? பிளேபேக், ரெண்டர் கேஷ், ஸ்மார்ட். டைம்லைனின் மேல் விளிம்பில், பாரமான காட்சிகளுக்கு நேராக மெல்லிய சிவப்புக் கோடு தோன்றும். எதற்கெல்லாம் கேஷ் வேண்டும் என்று ரிசால்வே கண்டுபிடித்துப் போடும் கோடு அது.

படி 5: கையை எடுங்கள்

மவுஸைத் தொடாமல் ஐந்து நொடி இருங்கள். லேப்டாப்பின் மின்விசிறி சத்தம் ஏறும். சிவப்புக் கோடு துளித்துளியாக நீலமாக மாறும். தம்பிக்கு இதைக் காட்டியபோது, நீலம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க மவுஸை நகர்த்தி நகர்த்திக் கிளிக் செய்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு கிளிக்குக்கும் வேலை நின்று, மறுபடி ஐந்து நொடி காத்திருந்து தொடங்கும். "எழுந்து போய் டீ குடிடா" என்று அனுப்பி வைத்தேன். திரும்பி வந்தபோது தேர் வரும் இடம் முழுக்க நீலம்.

காத்திருக்கும்போது இரண்டு விஷயம். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டே வையுங்கள். பேட்டரியில் கிராஃபிக்ஸ் கார்டு வேகம் குறைந்துவிடும். விண்டோஸ் பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நெவர் என்று மாற்றுங்கள், கம்ப்யூட்டர் தூங்கினால் கேஷும் தூங்கும். நடுவில் கரண்ட் போய்விட்டால் பதற வேண்டாம். நீலமானது டிஸ்க்கில் இருக்கிறது, மீதிதான் பாக்கி.

படி 6: அடம்பிடிக்கும் காட்சிக்கு யூசர்

டிஸ்க்கில் இடம் குறைவு, இரண்டு மூன்று காட்சி மட்டும்தான் திக்குகிறது என்றால் ஸ்மார்ட்டுக்குப் பதில் யூசர் என்று வைத்துக்கொண்டு, அந்தக் காட்சியின் மேல் வலது கிளிக் செய்து ரெண்டர் கேஷ் கலர் அவுட்புட்டை ஆன் செய்யுங்கள். அசையும் தலைப்பாக இருந்தால் ரெண்டர் கேஷ் ஃபியூஷன் அவுட்புட். நான் ஸ்மார்ட்டோடு வாழ்ந்துவிடுகிறேன். யூசரில் எதற்கு ஆன் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று நினைவு வைக்க எனக்குப் பொறுமை இல்லை.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு

ஃபைனல் கட் ப்ரோவில் செட்டிங்ஸில் பிளேபேக் பகுதியில் பேக்ரவுண்ட் ரெண்டர் என்று ஒரு டிக் இருக்கிறது. அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க கமாண்டும் 9-உம். கேடென்லைவில் டைம்லைன் ப்ரிவியூ ரெண்டரிங் என்று தேடுங்கள், ஷிஃப்ட்டும் எண்டரும் அழுத்தினால் தொடங்கும். பிரீமியர் ப்ரோவில் சிவப்புக் கோடு தெரிந்தால் எண்டர் அழுத்திக் காத்திருங்கள், பச்சையாகும்.

படி 7: எக்ஸ்போர்ட், பிறகு துப்புரவு

எக்ஸ்போர்ட் செய்யும் டெலிவர் பக்கத்தில் வீடியோ அமைப்புகளின் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்தால் யூஸ் ரெண்டர் கேஷ்டு இமேஜஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். எச்க்யூவில் கேஷ் செய்திருந்தால் டிக் போடுங்கள், எக்ஸ்போர்ட் வேகமாக முடியும். எல்பியில் செய்திருந்தால் தொடாதீர்கள், மங்கலான படம்தான் கோயில் டிவிக்குப் போகும்.

வேலை முடிந்ததும் பிளேபேக், டிலீட் ரெண்டர் கேஷ், ஆல். உங்கள் அசல் வீடியோவுக்கோ எடிட்டுக்கோ ஒன்றும் ஆகாது. நான் இதை உடனே செய்வதில்லை. பென் டிரைவ் கமிட்டி கைக்குப் போய் ஒரு வாரமாவது ஆகட்டும் என்று விட்டுவைப்பேன். "தம்பி, நம்ம பெரியவர் வேல் குத்திக்கிட்ட இடம் கொஞ்சம் சின்னதா இருக்கே, நீட்ட முடியுமா?" என்று அதற்குள் நிச்சயம் ஒரு போன் வரும்.