கணக்கீட்டு உயிரியல் ஆராய்ச்சிக்குள் நுழைவது எப்படி?

"அண்ணா, நான் பி.எஸ்சி. விலங்கியல். கோடிங் தெரியாது. கம்ப்யூட்டேஷனல் பயாலஜி பக்கம் வர முடியுமா?" கணினியை வைத்து உயிரியல் தரவுகளை ஆராயும் இந்தத் துறையைப் பற்றி இப்படியொரு கேள்வி அடிக்கடி வருகிறது. தாராளமாக வரலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவர்களும் வரலாம். ஆனால் அவர்கள் உயிரியலைப் புதிதாகப் படிக்கவேண்டும். கோடிங் பழகுவதைவிட அதுதான் கஷ்டம் என்பது என் கட்சி.

படி 1: காசு கட்டி கோர்ஸ் சேரும் முன் இதைச் செய்து பாருங்கள். யூனிப்ராட் (UniProt) என்ற புரதத் தரவுத்தளத்தில் P68871 என்று தேடினால் மனித ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி வரும். அதை ஃபாஸ்டா (FASTA) என்ற எளிய எழுத்துக்கோப்பு வடிவில் இறக்கி நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரி தலைப்பு. அதன் கீழே 147 எழுத்துகள். ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலம். எம், வி, எச், எல், டி, பி, இ என்று தொடங்கும்.

அரிவாள் செல் சோகையில் 6-வது இடத்தில் குளூட்டமேட்டுக்குப் பதிலாக வேலின் வந்துவிடுகிறது என்று படித்திருப்பீர்கள். குளூட்டமேட்டின் எழுத்து 'இ'. விரல்விட்டு எண்ணுங்கள்: 6-வது 'பி', அதாவது புரோலின்! புத்தகம் தப்பா? இல்லை. முன்னால் நிற்கும் 'எம்', அதாவது மெத்தியோனினைச் செல் வெட்டிவிடுகிறது. பழைய எண்ணிக்கை அதைச் சேர்ப்பதில்லை. சரி, இப்போது அதே வரிசையைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஏற்றி, 6 என்ற எண்ணிலுள்ள எழுத்தைக் கேளுங்கள். 'இ' வந்து நிற்கும். பைத்தான் 0-விலிருந்து எண்ணுவதால் ஒரு இடறல் இன்னொன்றைச் சரிக்கட்டிவிட்டது. இதையே நம்பி இன்சுலினுக்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே முன்னால் வெட்டப்படும் துண்டு மட்டுமே 24 எழுத்து. நான் ஒருமுறை இப்படி ஒரு வாரத்தைத் தொலைத்தேன்.

படி 2: பைத்தான், லினக்ஸ் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை), புள்ளியியல். மூன்றாவதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். 20,000 மரபணுக்களை 0.05 என்ற வரம்பில் (அதாவது நூற்றுக்கு ஐந்து முறை தற்செயலாகத் தப்பலாம் என்று ஏற்று) சோதித்தால், உண்மையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சுமார் 1,000 மரபணுக்கள் 'முக்கியம்' என்று வந்து நிற்கும். இது உறைக்காமல் ஆராய்ச்சிக்குப் போகாதீர்கள். பழகுவதற்கு, ஹீமோகுளோபினின் அமைப்பை எடுத்து ராமச்சந்திரன் வரைபடம் (புரதச் சங்கிலி திரும்பும் கோணங்களைக் காட்டும் படம்) போட்டுப் பாருங்கள். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு உருவாக்கியது அது. நம்ம ஊர்ச் சரக்கு.

படி 3: எம்.எஸ்சி., பிறகு கேட் (GATE) அல்லது சிஎஸ்ஐஆர் நெட் (CSIR NET) தேர்வு. பட்டத்தில் 'பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்' என்ற சொல் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023-லிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய்; வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி.க்குத் தரமணி கணித அறிவியல் நிறுவனம், ஐஐடி மெட்ராஸ், பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) ஆகியவற்றைப் பாருங்கள்.

படி 4: வழிகாட்டியைப் பிடிப்பது. ஐம்பது பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிடாதீர்கள். ஒருவருடைய கட்டுரையைப் படித்து, அதிலுள்ள ஒரு படத்தை அவர்கள் தந்திருக்கும் தரவிலிருந்து நீங்களே வரைந்து, எங்கே ஒத்துப்போகவில்லை என்று நான்கு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதிய நிரல் இருக்கும் இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அப்புறம் அடுத்தவரைப் பாருங்கள்.