பழைய விமானியின் லாக்புக்கை எப்படிப் படிப்பது: போரிலும் பறந்து, பிறகும் பறந்த ஒருவரின் வாழ்க்கையை எழுத நினைப்பவர்களுக்கு

உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ போரில் விமானம் ஓட்டியவர், அவர் வாழ்க்கையை எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறீர்கள். சரி. ஆனால் போன உடனே "போர்ல என்ன சார் நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கதையை அவர் ஐம்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்திருப்பார், வார்த்தை மாறாமல் வரும், அதில் புதிதாக எதுவும் கிடைக்காது. முதலில் லாக்புக், அதாவது ஒவ்வொரு பறப்பையும் விமானி குறித்து வைக்கும் பதிவேடு, எங்கே என்று கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில் பறந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலர். 1965, 1971 போர்களில் பறந்தவர்களுக்கே எழுபத்தைந்து, எண்பது தாண்டிவிட்டது. அதனால் பல வீடுகளில் ஆள் இருக்க மாட்டார், பீரோவின் அடித்தட்டில் லாக்புக் மட்டும் இருக்கும்.

நான் இங்கே சொல்வது பெரும்பாலும் பிரிட்டிஷ் விமானப்படையின் லாக்புக் முறை. நம் விமானப்படையும் அந்த வழியில் வந்ததுதான், ஆகவே அமைப்பு அதிகம் வேறுபடாது. ஒரு பக்கம் தேதி, விமானத்தின் வகை, அதன் எண், முதல் விமானி, இரண்டாம் விமானி அல்லது பயணி, என்ன வேலை. அடுத்த பக்கம் முழுக்க மணிக்கணக்கு: பகல், இரவு, ஒற்றை எஞ்சின், பல எஞ்சின் என்று கட்டம் கட்டமாக. விமானியின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'செல்ஃப்' என்று இருந்தால் அவரே ஓட்டினார் என்று பொருள். மாத முடிவில் கூட்டுத்தொகை போட்டு மேலதிகாரி கையெழுத்து வைத்திருப்பார்.

முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தால் இரண்டு நாளில் அலுத்துவிடும். மாத முடிவுக் கணக்கை மட்டும் எடுத்து, ஒரு தாளில் வருஷம், தளம், விமானம், மணி என்று நான்கு பத்தி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஒரு மாலைப் பொழுதில் எலும்புக்கூடு தயார். அப்புறம் அதில் காலியாக இருக்கும் மாதங்களைப் பாருங்கள், எனக்கு எப்போதும் பிடித்த இடம் அதுதான். மூன்று மாதம் ஒரு பறப்பும் இல்லை என்றால் ஆஸ்பத்திரியாக இருக்கலாம், பயிற்சி வகுப்பாக இருக்கலாம், ஆபீஸ் நாற்காலியாக இருக்கலாம், கல்யாணமாகக்கூட இருக்கலாம். நேரில் கேட்கவேண்டிய முதல் கேள்வி அந்த வெற்றிடத்திலிருந்துதான் வரவேண்டும்.

வேலை என்ன என்று எழுதியிருக்கும் பத்தியில் ஏமாறாமல் இருக்கக் கொஞ்சம் விவரம் வேண்டும். பிரிட்டனின் குண்டுவீச்சுப் பிரிவுகளில் எதிரிமேல் போன பயணங்களை இரவென்றால் சிவப்பு மையிலும் பகலென்றால் பச்சை மையிலும் எழுதுவது பரவலான வழக்கம், சாதாரணப் பறப்புக்குக் கறுப்போ நீலமோ. 'கார்டனிங்' என்று இருந்தால் தாத்தா தோட்டவேலைக்குப் போனார் என்று எழுதிவிடாதீர்கள், கடலில் கண்ணிவெடி போடப் போனதற்கு அதுதான் குறிச்சொல். கடற்பகுதிகளுக்கே செடிகொடிகளின் பெயர் வைத்திருந்தார்கள். 'நிக்கல்' என்றால் துண்டுப் பிரசுரம் வீசுவது. டி.என்.சி.ஓ. என்று இருந்தால் போன வேலை முடியவில்லை, பாதியில் திரும்பிவிட்டார்கள். எஞ்சின் கோளாறா, பனிமூட்டமா, வேறெதுவுமா என்று அந்த நாலு எழுத்து சொல்லாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது மணிக்கணக்கு. அன்றைய குண்டுவீச்சு விமானிக்கு ஒரு சுற்றுப் பணி என்பது முப்பது பயணம். நேரமாகப் பார்த்தால் சுமார் இருநூறு மணி வரும். பின்னாளில் பயணிகள் விமானம் ஓட்டியவர் அந்த இருநூறு மணியை மூன்று, நான்கு மாதத்தில் சாதாரணமாகப் பறந்திருப்பார். அதாவது ஒருவரின் கணக்கில் பதினைந்தாயிரம் மணி இருந்தால், வீட்டில் எல்லோரும் பேசும் போர்க்காலம் அதில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. அதற்காகப் போரைச் சுருக்கிவிடுங்கள் என்று சொல்லவில்லை, பிரிட்டனின் குண்டுவீச்சுப் பிரிவில் சுமார் 1,25,000 விமானப் பணியாளர்களில் 55,573 பேர் செத்தார்கள், அந்த இருநூறு மணி வேறு எடை. ஆனால் மிச்சப் பதினாலாயிரத்துச் சொச்சத்தை 'பிறகு விமான நிறுவனத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றார்' என்று ஒரே வரியில் தாண்டுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காது.

எரிக் பிரவுன் வாழ்க்கையை எடுத்துப் பாருங்கள். 1919-ல் பிறந்து 2016-ல் தொண்ணூற்றேழு வயதில் இறந்த பிரிட்டிஷ் கடற்படை விமானி. 1941 டிசம்பரில் அவர் இருந்த 'அடாசிட்டி' என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது, தப்பினார். 1945 டிசம்பர் 3 அன்று 'ஓஷன்' கப்பலின் தளத்தில் சீ வேம்பயர் என்ற ஜெட்டை இறக்கினார், ஜெட் விமானம் கப்பலில் இறங்கியதில் அதுதான் முதல். கப்பல் தளத்தில் 2,407 முறை இறங்கியிருக்கிறார், 487 வகை விமானங்களை ஓட்டியிருக்கிறார். இந்த 487-ஐக் கவனியுங்கள். ஸ்பிட்ஃபயர் என்ற சண்டை விமானத்தில் பல மாதிரிகளை ஓட்டியிருந்தும் எல்லாம் சேர்த்து ஒரே வகையாகத்தான் கணக்கு. நீங்களும் உங்கள் ஆளின் விமானங்களை எண்ணும்போது எப்படி எண்ணினீர்கள் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் யாராவது ஒருவர் வந்து சண்டை போடுவார்.

பிரவுன் வாழ்க்கையில் எனக்கு மறக்காத இடம் வேறு. 1946-ல் டி.எச். 108 என்ற வாலில்லாத சோதனை விமானம் உடைந்து, அதை ஓட்டிய சோதனை விமானி இளைய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் இறந்தார். பிறகு அதே வகையை ஓட்டிப் பார்த்த பிரவுனுக்கும் மூக்கு மேலும் கீழுமாகப் பேய்த்தனமாக ஆட ஆரம்பித்தது. பிரவுன் குள்ளம், டி ஹாவிலண்ட் உயரம். தலை மேலே போய் மோதாமல் தன்னைக் காப்பாற்றியது தன் உயரம்தான் என்பது அவர் சொன்ன விளக்கம். லாக்புக்கில் இதற்கெல்லாம் ஒரு வரிதான் இடம். அதனால் 'சோதனைப் பறப்பு' என்று சப்பென்று இருக்கும் வரிகளை எல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கேட்கும்போது "பயமா இருந்துச்சா?" வேண்டாம். அதற்கு எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். அன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள், சட்டைப் பையில் என்ன இருந்தது, இறங்கிய பிறகு முதலில் யாரிடம் பேசினீர்கள், இந்த விமானத்தில் எது கைக்கு எட்டாது என்று கேளுங்கள். பல வருஷம் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் காது மந்தமாக இருக்கும், எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். லாக்புக்கை அவர் மடியிலேயே வைத்துவிடுங்கள். பக்கத்தைப் புரட்டும்போது அவரே ஒரு பெயரைக் காட்டி "இவன் நல்ல பையன்" என்று நிறுத்துவார், அப்போது அடுத்த கேள்வியை வீசாமல் கொஞ்சம் சும்மா இருங்கள். நம் விமானப்படை ஆட்கள் என்றால் தாம்பரம் என்ற பெயர் வருகிறதா பாருங்கள். விமானப் பயிற்றுநர் பள்ளி அங்கேதான், வந்தால் அவர் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தயாரான காலமாக அது இருக்கலாம்.

சொன்னதையும் எழுதியதையும் அப்படியே நம்பாமல் ஒத்துப் பார்க்கவும் வேண்டும். பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் தினமும் எழுதிய செயல்பாட்டுப் பதிவேடுகள் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏர் 27 என்ற வரிசையில் இருக்கின்றன. யார், எந்த விமானத்தில், எத்தனை மணிக்குக் கிளம்பித் திரும்பினார்கள் என்று கிடைக்கும். அதிகாரிகளின் நியமனம், பதவி உயர்வு, பதக்கம் ஆகியவை பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வரும், அதை இணையத்தில் தேடலாம். லாக்புக்குக்கும் செயல்பாட்டுப் பதிவேட்டுக்கும் தேதி ஒரு நாள் முன்பின் இருந்தால் உடனே பொய் என்று முடிவு கட்டாதீர்கள். இரவு பத்துக்குக் கிளம்பி விடிகாலை நாலுக்கு இறங்கினால் ஒருவர் கிளம்பிய தேதி போடுவார், இன்னொருவர் இறங்கிய தேதி. போதாக்குறைக்குப் போர்க்காலக் கோடையில் பிரிட்டனில் கடிகாரத்தை இரண்டு மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள்.

லாக்புக்கை லேமினேட் செய்யாதீர்கள், தயவுசெய்து. நேரடி வெயில் படாத ஜன்னல் பக்கம் வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் கலரில் படமெடுங்கள், கறுப்பு வெள்ளை நகலில் சிவப்பும் பச்சையும் ஒன்றாகிவிடும். காலிப் பக்கங்களையும், பின் அட்டையின் உள்பக்கத்தையும் விடாதீர்கள். அங்கே செருகி வைத்த ரசீதோ, படமோ, மடித்த கடிதமோ இருந்தால் எந்த இரண்டு பக்கத்துக்கு நடுவே இருந்தது என்று குறித்துக்கொண்ட பிறகே வெளியே எடுங்கள்.