தொட்டிக்கு ஏற்றபடி ஆமை வளராது

ஆமைக் குஞ்சு வாங்கியவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் தீனியைப் பற்றித்தான். தொட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதைக் குஞ்சோடு சேர்த்தே கடையில் வாங்கியிருப்பார்கள். ஆமை வளர்க்கும் பலரும் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை இன்று புதியவர்கள் செய்வதைப் பார்த்து அலுத்துத்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் மாற்றுங்கள், சோறு போடாதீர்கள் என்பதெல்லாம் இதில் இல்லை. இங்கே வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் சிவப்புக் காது ஆமைக்கு, அதாவது கடைக்காரர்கள் ஸ்லைடர் என்று சொல்லும் ஆமைக்கு, எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்பது மட்டும்தான்.

"தொட்டி அளவுக்குத்தான் வளரும்"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. செருப்பு சிறியதாக இருந்தால் கால் வளராமல் நின்றுவிடுமா? சின்னத் தொட்டியில் ஆமை வளராமல் போனால், அழுக்குத் தண்ணீராலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவாலும் வெயில் படாததாலும் அது நோய்ப்பட்டிருக்கிறது என்று பொருள். ஓடு மெத்தென்று ஆகும், கோணலாக வளரும். அதைத்தான் "அடக்கமாக வளர்ந்திருக்கிறது" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஓர் இளைஞர் படம் அனுப்பியிருந்தார். இரண்டடித் தொட்டி, அதில் ஓடு மட்டுமே 7 அங்குலம் உள்ள ஆமை. "அண்ணா, நான்கு நாளாகச் சாப்பிடவில்லை." திரும்புவதற்குக்கூட இடமில்லையே என்றேன். "தொட்டி அளவுக்குத்தான் வளரும் என்று கடையில் சொன்னார்களே, அண்ணா?" முதலில் பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த கிண்ணம், பிறகு ஒன்றரை அடித் தொட்டி, பிறகு இது. பழையவை பரணில் கிடக்கின்றன. அடுத்து மூன்றடி வாங்கலாமா என்று கேட்டார். அதையும் வாங்கினால், மொத்தச் செலவில் முதலிலேயே ஒரு நான்கடித் தொட்டி செய்திருக்கலாம்.

கணக்கு எளிது. ஓட்டின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 10 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் வழக்கமாகப் பின்பற்றும் அளவு. 2×1×1 அடித் தொட்டியை முக்கால்வாசி நிரப்பினால் 42 லிட்டர்தான் கொள்ளும். ஓர் அங்குலக் குஞ்சுக்கே அது சரியாகப் போய்விடுகிறது. அந்த இளைஞரின் ஆமைக்கு 265 லிட்டர் வேண்டும்.

வளர்ந்த பெண் ஆமையின் ஓடு 10 அங்குலத்தைத் தாண்டும். ஆண் பெரும்பாலும் 8 அங்குலத்துக்குள் நின்றுவிடும். குஞ்சாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஓடு நான்கு அங்குலத்தை எட்டும் சமயத்தில்தான் ஆணுக்கு முன்கால் நகங்களும் வாலும் நீள்வது தெரியும். ஆகவே பெண் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 4×2×2 அடித் தொட்டியில் 20 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 377 லிட்டர். இதுதான் வாங்க வேண்டிய தொட்டி, அதுவும் முதல் நாளே. குஞ்சாக இருக்கும்வரை தண்ணீரைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமையை விற்க 1975 முதல் தடை இருக்கிறது. சால்மோனெல்லா கிருமிதான் காரணம். இங்கே நாணயம் அளவே உள்ள குஞ்சுகளைத்தான் விற்கிறார்கள். நான்கு அங்குல ஆமையைக் கையில் வாங்கிப் பார்த்தவர் யாரும் கிண்ணத்தோடு வீட்டுக்குப் போகமாட்டார்.

தொட்டியின் கொள்ளளவைத் தண்ணீரின் அளவு என்று நினைப்பது

கடைக்காரர் சொல்வது விளிம்புவரை நிரப்பினால் வரும் அளவு. மேலே இடைவெளி விட வேண்டும், வெயில் காயும் மேடையும் உள்ளே இடத்தைப் பிடிக்கும். மேடையை விளிம்புக்கு மேலே பொருத்திச் சாய்தளம் வைத்தால் தண்ணீர் குறையாது. ஆனால் மேலே கம்பி வலை போட்டே ஆகவேண்டும். ஆமை ஏறும், விழும்.

உயரமான தொட்டி

நீளமும் அகலமும்தான் முக்கியம்.

முழுகிவிடும் என்று பயந்து இரண்டு விரல் தண்ணீர் விடுவது

இது நீந்தும் ஆமை. ஆழம் ஓட்டின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். ஆழமில்லாத தண்ணீரில் மல்லாந்துவிட்டால் நிமிர முடியாமல் போவதுதான் ஆபத்து.

எடையை மறப்பது

377 லிட்டர் தண்ணீர், 10 மில்லிமீட்டர் கண்ணாடி: கூட்டினால் 450 கிலோ. பழைய மேசையில் வைக்காதீர்கள். தரைத்தளத்தில், சுவரை ஒட்டி, இரும்புத் தாங்கியில் வையுங்கள். இதற்குக் கண்ணாடிதான் வேண்டும் என்றும் இல்லை. அகலமான பிளாஸ்டிக் தொட்டி மலிவு, எடையும் குறைவு. சிமென்ட் தொட்டி கட்டினால் பலமுறை தண்ணீர் நிரப்பி வடித்து, சிமென்டின் காரத்தன்மை போன பிறகே ஆமையை விடுங்கள்.

சின்னத் தொட்டியை வெயிலில் வைப்பது

மே மாதத்தில் பால்கனியில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீர் நண்பகலுக்குள் சுட ஆரம்பித்துவிடும். தண்ணீர் அதிகமாக இருந்தால் மெதுவாகச் சூடேறும். பாதித் தொட்டிக்காவது நிழல் வேண்டும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் ஆமைக்குத் தேவையான புற ஊதாக் கதிர் பெரும்பாலும் வராது என்பதால், ஜன்னலோரம் வைத்தும் பயனில்லை.

ஃபில்டர்

பெட்டியில் போட்டிருக்கும் அளவு மீன்களுக்கானது. ஆமைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு திறன் உள்ளதை வாங்குங்கள்.

இன்னொன்றைச் சேர்ப்பது

துணை தேவையில்லை. நெருக்கமான இடத்தில் ஒன்று மற்றதைக் கடிக்கும்.

இடம் போதவில்லை என்று குளத்தில் விடுவது

கோயில் குளமானாலும் ஏரியானாலும் கூடாது. உலகின் மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. நம் ஊர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 1997-இலேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் பெரிய தொட்டி உள்ளவரைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள். பெரிய பெண் ஆமையை வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பது கடினம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.