நைட் டூட்டி பார்த்துக்கொண்டே எம்எல்எஸ் தேர்வுக்குப் படிப்பது எப்படி

மெடிக்கல் லேபரேட்டரி சயின்டிஸ்ட், அதாவது லேபில் ரத்தம், யூரின் பரிசோதிப்பவர்களுக்கான எம்எல்எஸ் தேர்வில் முதல் தடவை எனக்கு வந்தது 371. பாஸாக 400 வேண்டும், உச்சம் 999. ஒன்பது வருஷம் லேபில் நின்றவளுக்கு இது வராதா என்ற மிதப்பில் போய் உட்கார்ந்தேன். ஏழு மாதம் கழித்து மறுபடி எழுதித் தேறினேன். நடுவில் நான் மாற்றிக்கொண்டது எதை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஏஎஸ்சிபி (கிளினிக்கல் பேத்தாலஜி சங்கம்) நடத்தும் எம்எல்எஸ் தேர்வு இது. நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து எழுதுபவர்களுக்கு அதன் சர்வதேசச் சான்றிதழான ஏஎஸ்சிபிஐ. 100 கேள்வி, இரண்டரை மணி நேரம், கேள்விக்கு ஒன்றரை நிமிஷம். ரத்த வங்கி, பயோகெமிஸ்ட்ரி, ஹெமட்டாலஜி, மைக்ரோபயாலஜி நான்கும் தலா 17 முதல் 22 சதவீதம். இம்யூனாலஜி, யூரின் மற்றும் உடல் திரவங்கள், லேப் நிர்வாகம் மூன்றும் தலா 5 முதல் 10. இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டிவிட்டுப் படியுங்கள். முதல் தடவை நான் ஒட்டுண்ணிகளுக்கு மட்டும் மூன்று வாரம் கொடுத்தேன். புழு முட்டை படம் பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

நம் ஊர் தனியார் லேபில் வேலை பார்க்கும் பலருக்கு ரத்த வங்கி என்றால் குரூப் பார்ப்பது, ஏற்றும் ரத்தம் பொருந்துமா என்று கிராஸ்மேட்ச் போடுவது, அதோடு சரி. அரிய ரத்த வகையான பாம்பே குரூப் மட்டும் எல்லோருக்கும் தெரியும். 1952இல் டாக்டர் பெண்டே குழு பம்பாயில் கண்டுபிடித்தது, நம்ம வீட்டுச் சொத்து மாதிரி. ஆனால் ஆன்டிபாடி பேனலை (ஆன்டிஜென்கள் தெரிந்த செல்களோடு நோயாளியின் சீரத்தைச் சேர்த்து, அதில் எந்த ஆன்டிபாடி என்று கண்டுபிடிக்கும் அட்டவணை) வாழ்நாளில் தொட்டிருக்க மாட்டோம். அதனால் அங்கேதான் முதலில் தொடங்க வேண்டும். நான் பத்து வரி, பதினோரு வரி பேனலைக் கோடு போட்ட நோட்டில் கையால் வரைந்தேன். ரியாக்‌ஷன் வராத செல்லில் எந்த ஆன்டிஜென் ஹோமோசைகஸாக (இரண்டு ஜீனும் ஒரே மாதிரி) இருக்கிறதோ, அதற்கான ஆன்டிபாடியைப் பட்டியலிலிருந்து அடி. ஹெட்டரோசைகஸ் என்றால் கை வைக்காதே, கிட் (Kidd), டஃபி (Duffy) போன்ற ரத்த குரூப் ஆன்டிஜென்கள் எல்லாம் டோசேஜ் காட்டும், ஒற்றை ஜீன் இருந்தால் பலவீனமாகத்தான் தெரியும். தினம் ஒரு பேனல், நாற்பது நாள். பேனல் செல்களில் என்சைம் போட்டால் எந்த ஆன்டிஜென் அழியும், எது வலுக்கும் என்பது குழம்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கதை கட்டினேன்: என்சைம் வந்ததும் டஃபி, தன் கூட்டாளிகள் எம், என், எஸ்ஸைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடிவிட்டார்; ஆர்எச்சும் கிட்டும் முன்னைவிட முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சிரிக்காதீர்கள், இன்னும் மறக்கவில்லை.

மற்றப் பாடங்களுக்குப் புத்தகத்தைவிட என் பெஞ்ச்தான் உதவியது. "இது என்ன?" என்று கேட்கும் கேள்விக்கு நாம் தயாராகப் போவோம். "அடுத்து என்ன செய்வாய்?" என்று கேட்டால்தான் திணறுவோம். ஆகவே நைட் டூட்டியில் ஒரு சின்ன டைரி வைத்தேன். ரிஜெக்ட் செய்த சாம்பிள், நம்ப முடியாத ரீடிங், எல்லாம் அதில். எதில் வந்தது, ஏன் வந்தது, என்ன செய்தேன்.

ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். நடந்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவருக்குப் பொட்டாசியம் 9.2, கால்சியம் 4.1. இந்த மனிதர் நடந்தே வந்திருக்க முடியாது! சீரத்தைப் பார்த்தேன், சிவப்பே இல்லை, ஹீமோலைசிஸ் (சிவப்பணு உடைவது) கிடையாது. ஏஎல்பி என்ற என்சைமும் தரைமட்டம். சிவப்பு மூடி டியூபில் ரத்தம் போதவில்லை என்று ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ போட்ட பர்ப்பிள் மூடி டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். ஈடிடிஏவில் இருக்கும் பொட்டாசியம் அளவை ஏற்றிவிட்டது. ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது. ஏஎல்பி வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்துப் பிடித்தது. திரும்ப ஓட்டுவதில் பலனில்லை, புதுசாக ரத்தம் எடுக்க வேண்டும். இந்த ஒரு பக்கத்தை வைத்து நாலு கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

இன்னொன்று: ஹீமோகுளோபின் 10.8, ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 23.6, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 118, எம்சிஎச்சி (அதற்குள் ஹீமோகுளோபின் செறிவு) 45.8. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஹெமட்டோகிரிட் பக்கத்தில் வர வேண்டும். 32 எங்கே, 23 எங்கே? ஏசி அறையில் செல்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. கோல்ட் அக்ளுட்டினின், குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் ஆன்டிபாடி. 37 டிகிரியில் சூடாக்கி உடனே ஓட்டினேன், கணக்கு நேரானது.

குவாலிட்டி கன்ட்ரோலுக்கும் இதே வழிதான். வெஸ்ட்கார்ட் விதிகளில் 1-3எஸ், ஆர்-4எஸ் வந்தால் ரேண்டம் (தற்செயல்) பிழை. 2-2எஸ், 10எக்ஸ் வந்தால் சிஸ்டமேட்டிக் (ஒரே பக்கம் சாயும்) பிழை. உங்கள் லேபின் போன மாத எல்ஜே சார்ட்டை (கன்ட்ரோல் ரீடிங்குகளின் தினசரி வரைபடம்) எடுத்துவைத்து, எந்த நாள் எந்த விதி உடைந்தது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் போதும். இம்யூனாலஜியில் ஹெபடைடிஸ் பி மார்க்கர் அட்டவணையை மட்டும் விடாதீர்கள்.

தேர்வு கம்ப்யூட்டர் அடாப்டிவ் முறை. சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாக வரும். முதல் தடவை முப்பதாவது கேள்வியிலேயே "போச்சு" என்று கை நடுங்கியது. இரண்டாம் தடவை, கடினமாக வந்தால் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். எதையும் விட்டுவிட்டுத் தாண்ட முடியாது, பதில் போட்டால்தான் அடுத்தது. 100 முடிந்த பிறகு திரும்பிப் பார்த்து மாற்றலாம். கணக்கு தப்பு என்று தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள், சந்தேகத்துக்காக வேண்டாம். என்ன கேள்வி வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள், வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன்.

படிப்புக்கு வெளியே ஒரு தொல்லை, பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக. விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். நான் இனிஷியலோடு விண்ணப்பித்துவிட்டு, அதைத் திருத்த மெயில் மேல் மெயில் போட்டேன். தேர்வு எழுதக் கொடுக்கும் மூன்று மாத அவகாசத்தில் பதினைந்து நாள் அதிலேயே போயிற்று. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள். தென் மாவட்டத்துக்காரர்கள் முந்தின நாளே சென்னை போய்விடுங்கள். ராத்திரி ரயிலில் தூங்காமல் எழும்பூரில் இறங்கி நேராகத் தேர்வுக்குப் போன அனுபவம் எனக்கு உண்டு.

முடிந்ததும் தேறினீர்களா இல்லையா என்று திரையிலேயே தெரிந்துவிடும். தேறினாலும் சான்றிதழ் 3 வருஷத்துக்குத்தான். புதுப்பிக்கப் பயிற்சிப் புள்ளிகள் வேண்டும், அதனால் போகிற கருத்தரங்குச் சான்றிதழ்களை எல்லாம் இன்றிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள்.