மழை நாள்ல ஃபிலடெல்ஃபியா சுத்திப் பார்க்க ஒரு வழி

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, பசங்களுக்கும் லீவு, ஃபிலடெல்ஃபியா போலாம்னு ஒரு மாசமா பேசி வச்சிருக்கீங்க, காலைல எந்திரிச்சு ஜன்னலைத் திறந்தா கொட்டுது. கேன்சல் பண்ணிடாதீங்க. அந்த ஊர்ல பார்க்க வேண்டியதுல முக்கால்வாசி கூரைக்கு அடியிலதான் இருக்கு, நாம நனையுறதெல்லாம் வெளிய கியூல நிக்கும்போதுதான். அதனால எந்த கியூ தெருவுல நிக்குது எது உள்ள நிக்குதுன்னு தெரிஞ்சுகிட்டு நாளைப் பிரிச்சுகிட்டா பாதி வேலை முடிஞ்சது.

முதல் தடவை போனப்போ எங்களுக்கு இது தெரியல. பத்தரை மணிக்கு ஆடி அசைஞ்சு போய் லிபர்ட்டி பெல்னு சொல்ற அந்த பேமஸ் பழைய மணியைப் பார்க்க கியூல நின்னோம், வரிசை கட்டிடத்துக்கு வெளிய வரைக்கும் இருந்துச்சு, முக்கால் மணி நேரம் குடையைப் பிடிச்சுகிட்டே நின்னதுல சின்னவனோட ஷூ சாக்ஸ் எல்லாம் ஊறிப்போச்சு, அதுக்குள்ள இண்டிபெண்டன்ஸ் ஹாலுக்கு புக் பண்ணின டைமும் போயிடுச்சு. தப்பு முழுக்க எங்க மேலதான், ஆர்டரை மாத்திப் போட்டோம்.

கார்ல போறவங்க ஆறாவது தெருவும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டும் சேர்ற இடத்துல இருக்குற விசிட்டர் சென்டரை குறி வச்சு போங்க. அது கிட்டயே அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் இருக்கு, நனையாம காரை விட்டு இறங்கலாம். பாத்ரூம் வேலை எல்லாத்தையும் அங்கயே முடிச்சுட்டு கிளம்புங்க, முக்கியமா பெரியவங்களை. இன்னொண்ணு, இந்த ஊர்ல வழி தெரியாம முழிக்கவே வேண்டாம். ஊரை உருவாக்கின வில்லியம் பென் காலத்துலயே சதுரம் சதுரமா போட்ட ஊர், கிழக்க டெலவேர் ஆத்துல இருந்து மேற்க போகப் போக தெரு நம்பர் ஏறிகிட்டே போகும், குறுக்க போறதுல பல தெருவுக்கு மரத்து பேரு, செஸ்ட்நட், வால்நட்னு. மழைல போனை வெளிய எடுத்து மேப் பார்க்க முடியாதப்போ இது ரொம்ப உதவும்.

சரி, காலைல முதல் வேலை இண்டிபெண்டன்ஸ் ஹால். 1776ல அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை ஏத்துகிட்டதும் 1787ல அரசியல் சட்டத்தை எழுதினதும் இதே ஒரு ரூம்லதான். டிக்கெட் ஃப்ரீ, ஆனா வருஷத்துல பெரும்பாலான மாசங்களுக்கு டைம் போட்ட டிக்கெட் வேணும், ரெக்ரியேஷன் டாட் கவ் சைட்ல ஆளுக்கு ஒரு டாலர் புக்கிங் சார்ஜ் கட்டி முன்னாடியே எடுத்துடுங்க, காலைல எவ்வளவு சீக்கிரம் கிடைக்குதோ அதை எடுங்க. செக்யூரிட்டி வாசல் செஸ்ட்நட் ஸ்ட்ரீட்ல ஐந்தாவது தெரு பக்கம். அரை மணி முன்னாடி போயிடுங்க, குடை ஜாக்கெட் எல்லாம் செக்கிங்ல போய் வர்றதுக்கு நேரம் எடுக்கும். முட்டி வலி இருக்குற பாட்டி தாத்தாவுக்கும் பிரச்சனை இல்ல, முக்கியமான ரூம் கீழ்த்தளத்துலயே இருக்கு. பசங்களுக்கு போர் அடிக்கும்னு நினைச்சா உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு நூறு டாலர் நோட்டைத் திருப்பி பின்பக்கத்தைக் காட்டுங்க, அதுல இருக்குறது இந்த பில்டிங்தான். உள்ள வாஷிங்டன் உட்கார்ந்த நாற்காலியோட முதுகுல பாதி சூரியன் செதுக்கி இருக்கும், சட்டம் முடிஞ்ச அன்னிக்கு அந்த சபையில இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இது மறையிற சூரியன் இல்ல, உதிக்கிற சூரியன்தான்னு சொன்னாராம். அந்த சூரியனை யார் முதல்ல கண்டுபிடிக்கிறாங்கன்னு பசங்ககிட்ட போட்டி வைங்க.

வெளிய வந்ததும் லிபர்ட்டி பெல் ரோட்டுக்கு எதிர்த்தாப்லதான். இதுக்கு டிக்கெட்டே கிடையாது, அதனாலதான் வரிசை. வரிசை சின்னதா இருந்தா நில்லுங்க, நீளமா இருந்தா செஸ்ட்நட் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கண்ணாடி வழியா வெளியில இருந்தே மணியைப் பார்க்கலாம், பார்த்துட்டு சாயங்காலம் வாங்க. என் கணக்குல இதுக்காக மழைல நிக்கிறது வேஸ்ட். ஆனா உள்ள போனா விஷயம் இருக்கு. மணி கிட்டத்தட்ட 2,080 பவுண்டு, லண்டன்ல இருந்து வந்து முதல் தடவை அடிச்சுப் பார்த்தப்பவே விரிசல் விட்டுச்சு, 1753ல உள்ளூர்லயே உருக்கி திரும்ப வார்த்தாங்க. இப்ப போட்டோல தெரியுற அந்த அகலமான பிளவு நிஜத்துல விரிசலே இல்ல, 1846ல மெல்லிசா இருந்த விரிசலை ரிப்பேர் பண்றேன்னு அவங்களே அகலமாக்கினது, அப்புறம் அது வேற பக்கம் விரிஞ்சு மணி ஒரேயடியா ஊமையாயிடுச்சு. மணி மேல பென்சில்வேனியாங்கிற மாநிலப் பேருல ஒரு எழுத்து குறைச்சலா இருக்கும். அந்தக் காலத்துல அப்படியும் எழுதுவாங்க. எங்க பொண்ணு அதைக் கண்டுபிடிச்சுட்டு வீடு வர்ற வரைக்கும் ஸ்பெல்லிங் மிஸ்டேக் ஸ்பெல்லிங் மிஸ்டேக்னு கத்திகிட்டே வந்தா.

சாப்பாட்டுக்கு ரீடிங் டெர்மினல் மார்க்கெட். பழைய ரயில்வே ஸ்டேஷன் ஷெட்டுக்கு அடியில 1893ல இருந்து நடக்குற மார்க்கெட், பன்னிரண்டாவது தெருவும் ஆர்ச் ஸ்ட்ரீட்டும் சேர்ற இடம். ஐந்தாவது தெரு ஸ்டேஷன்ல சப்வே ஏறினா ரெண்டாவது ஸ்டாப் பதினொண்ணாவது தெரு, அங்க இறங்கி கொஞ்சம் நடக்கணும், கிரெடிட் கார்டைத் தட்டினாலே கேட் திறக்கும். மழை நாள்ல ஊரே அங்கதான் ஒதுங்கும், அதனால பதினொன்றரைக்குள்ள போங்க. டேபிள் கிடைக்கிறது பஸ் சீட் மாதிரி, ஒருத்தர் போய் துண்டு போட்டு இடம் பிடிச்சுட்டு மத்தவங்க வாங்க போகணும். இந்த ஊர் பேமஸ் சீஸ்ஸ்டேக் பீஃப்ல செய்யுறது, சாப்பிடாதவங்க முன்னாடியே கவனிங்க. சைவத்துக்கு பிரெட்சல், டோனட், ஐஸ்கிரீம், இந்தியன் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை ஆமிஷ்காரங்க (பழைய முறையிலயே வாழுற ஒரு கிறிஸ்தவப் பிரிவு) கடையெல்லாம் லீவு, அவங்க பிரெட்சலுக்காகவே போறவங்க வேற நாள் பாருங்க.

மதியத்துக்கு ரெண்டு சாய்ஸ், ரெண்டையும் பண்ணணும்னு பேராசைப்படாதீங்க. பசங்க சின்னவங்கன்னா ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட், இருபதாவது தெருவுல இருக்கு, மழைல நடக்காம ஊபர் போட்டுடுங்க. 1954ல இருந்து அங்க ஒரு பெரிய இதயம் இருக்கு, அதுக்குள்ளயே ஏறி ரத்தம் போற வழியில நடந்து போகலாம், மழைல அடைஞ்சு கிடந்த பசங்க எனர்ஜி எல்லாம் அங்க இறங்கிடும். பத்து வயசுக்கு மேலன்னா மூணாவது தெருவுல இருக்குற அமெரிக்கன் ரெவல்யூஷன் மியூசியம், என் ஓட்டு இதுக்குதான். சுதந்திரப் போர் நேரத்துல வாஷிங்டன் தங்கின நிஜ கூடாரம் அங்க இருக்கு, முதல்ல ஒரு படம் போட்டு கடைசில திரையைத் தூக்கிக் காட்டுவாங்க, எங்க அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. டிக்கெட் அடுத்தடுத்த ரெண்டு நாளுக்கு செல்லும், ராத்திரி அங்க தங்குறவங்களுக்கு நல்ல லாபம்.

எடுத்துட்டுப் போற சாமான்ல குடையை விட ரெயின்கோட்தான் முக்கியம், காத்து அடிச்சா குடை திரும்பிக்கும், ஒரு கையில குடை ஒரு கையில குழந்தைன்னா வேற எதையும் பிடிக்க முடியாது. ஆளுக்கு ரெண்டு ஜோடி சாக்ஸ் ஜிப்லாக் கவர்ல போட்டு வைங்க. மறந்துட்டா கவலைப்படாதீங்க, பென்சில்வேனியால துணிமணிக்கு சேல்ஸ் டேக்ஸ் கிடையாது, ஏதாவது கடையில புதுசா வாங்கிக்கலாம். அம்மா புடவைதான் கட்டுவேன்னா கணுக்காலுக்கு மேல தூக்கி கட்டச் சொல்லுங்க, செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்க, சண்டை வரும், பரவாயில்ல.

சாயங்காலம் மழை விட்டா மட்டும் எல்ஃப்ரெத்ஸ் ஆலி. போற வழியில ஐந்தாவது தெருவும் ஆர்ச்சும் சேர்ற முனையில ஃபிராங்க்ளின் சமாதி இருக்கு, கம்பி வழியா பிளாட்பாரத்துல இருந்தே தெரியும், மேல ஜனங்க போட்ட சில்லறைக் காசு கிடக்கும், ஒரு நிமிஷம் நின்னா போதும். ஆலி ரெண்டாவது தெருவுல இருந்து உள்ள போகுது, உருண்டைக் கல்லு பதிச்ச குறுகலான சந்து, ரெண்டு பக்கமும் சுவரோட சுவர் ஒட்டின 32 பழைய வீடு. நனைஞ்ச கல்லு வழுக்கும், பெரியவங்களை ஓரத்து செங்கல் நடைபாதைல கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போங்க. எங்க அம்மா பார்த்துட்டு, இது நம்ம அக்ரஹாரம் மாதிரில்ல இருக்கு, திண்ணைதான் இல்லன்னாங்க. வீட்டுல எல்லாம் இப்பவும் ஆளுங்க குடியிருக்காங்க, அதனால ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு பசங்ககிட்ட தெருமுனையிலயே சொல்லிடுங்க, பாட்டிகிட்டயும் சொல்லுங்க.