மெஸ்கால்: முதல் மிடறுக்கு முன்

மெக்சிகோவின் வடிமதுவான மெஸ்காலை முதன்முறையாகச் சுவைப்பவர், அந்நாட்டின் வஹாக்கா மாநிலத்தில் பெருமளவில் பயிராகும் எஸ்பதீன் என்னும் ஆனைக்கற்றாழை (அகாவே) வகையிலிருந்து வடித்ததில் தொடங்குவது நல்லது. லேபிளில் கற்றாழையின் வகையும் வடித்த ஊரும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அடியில் புழு கிடக்கும் பாட்டிலை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது பெரும்பாலும் விற்பனை உத்தியே.

மண்ணில் தோண்டிய குழியில், சுட்ட கற்களின் மேல் கற்றாழையின் நடுப்பகுதி சில நாள்கள் வேகுவதால்தான் இதற்குப் புகைமணம் வருகிறது. அகன்ற வாயுள்ள சிறு கிண்ணத்தில் சிறிதளவு ஊற்றி, மூக்கைச் சற்றே தள்ளி வைத்து நிதானமாக முகர்ந்தால், அந்தப் புகைக்கு அடியிலிருந்து பழவாசனையும் ஈரமண் வாசனையும் மெல்ல எழும். ஆல்கஹால் பல வகைகளில் 45 விழுக்காட்டை ஒட்டியிருப்பதால், முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு மட்டுமே. இரண்டாவதில்தான் சுவை பிடிபடும். இடையிடையே ஆரஞ்சுத் துண்டைப் புழு உப்பில் (காயவைத்துப் பொடித்த கற்றாழைப் புழுவும் மிளகாயும் சேர்த்த உப்பு) தொட்டுக் கடிக்கலாம்.